அடிபடாத பாபு

இன்சூரன்ஸ்காரர் வருகிறார் என்றால், பட்டறைப் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிப் போகிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறேன். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, சந்தோஷம்தான் வரும். பேச ஒரு புது ஆள் கிடைக்கிறாரே! திருப்புட்குழிப் பக்கம் பெங்களூர் ரோட்டோரம் நம் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து, அடிபட்டு வரும் வண்டியை நிமிர்த்துவது என் வீட்டுக்காரர் வேலை. அந்த வண்டிக்காக இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசுவது என் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவளை எப்படி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அவர் பேச்செல்லாம் சுத்தியலோடு சரி. நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இதையும் நான் வாயால்தான் சொல்கிறேன். மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும் என்று அவளே புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறாள். பேச்சு வருகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் இந்தக் கதையே இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் நம் ஊர் ஜனங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் கார் அடிபட்டால் படம் எடுப்பார்கள். காஞ்சிபுரத்தில் பூசணிக்காய் உடைப்பார்கள். நாங்கள் பட்டறை போட்ட புதிதில் மாகறலிலிருந்து ஒரு குடும்பம் முன்பக்கம் நசுங்கிய காரைக் கொண்டுவந்தது. நன்றாகக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நசுங்கிய பானட்டின் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து, உடைந்த பம்பருக்குச் சாமந்தி மாலையும் கட்டியிருந்தார்கள். சேதத்தைக் கணக்குப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஆக்சிடென்ட் ஆன வண்டி எங்கம்மா? இது பொண்ணழைப்புக்குப் போற வண்டி மாதிரி இல்ல இருக்குது?”

அந்தப் பெரியவர்தான் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர். வெற்றிலை போடுவார், அதட்டிப் பேச மாட்டார். அன்று மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்மா. வண்டி எங்கயும் ஓடிப் போவாது. ஓட்டினவர் மொதல்ல இன்னா சொன்னாருன்னு கேட்டு வெச்சுக்க. ரெண்டாவது தடவ எல்லாரும் யோசிச்சுத்தான் சொல்லுவாங்க.”

அதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேனே தவிர, அதன் அருமை எனக்குத் தெரிந்தது லோகு வண்டி வந்தபோதுதான்.

லோகு என்றால் லோகநாதன். பட்டு நெய்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவன். அம்மா தறியில் உட்கார்ந்தவள். இவன் தறிக்குப் போகாமல் லாரிக்குப் போனான். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அவன் மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “அம்மா, யாரோ வந்திருக்குறாங்க” என்றாளாம். அன்றைக்கே லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். பிறகு சொந்தமாக ஒரு டாக்ஸி எடுத்தான். வெளியூரிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள் என்று அந்த வண்டியிலேயே அவன் குடும்பம் ஓடியது. சாயங்காலம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அதில்தான் அழைத்து வருவான். மஞ்சள் போர்டு வண்டியில் முன்சீட்டில் அவள் உட்கார்ந்து வருகிற கெத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரி, அது வேறு கதை.

ஒருநாள் காலையில் அந்த வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. பானட் கூரை மாதிரி எழும்பி நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் வழி நெடுக ஒழுகியிருந்தது. தெரு முனையில் இருக்கும் பழைய மண்டபத்துக் கருங்கல் தூணில் மோதியிருக்கிறான். தூணுக்கு ஒரு கீறல் இல்லையாம்.

“ஆளுக்கு அடியா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல ஆயா.” நின்றுகொண்டே இருந்தான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. “அங்கயே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். ஆயா, இந்த வண்டி போச்சுன்னா மறுபடியும் லாரிதான்.”

“வாயக் கழுவு. வண்டி எங்க போவுது? என் எதிர்லதான் நிக்குது.”

நான் அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குக் காரணம், கல் தூணில் மோதிய வண்டி எங்களுக்குப் புதிதில்லை. அடி எங்கே, எப்படி என்பது வண்டியைப் பார்த்தாலே தெரியும். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றிருந்தேன்.

மறுநாள் சர்வேயர் வந்தார். வெற்றிலைப் பெரியவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் சின்ன வயது. சுத்தமான ஆள், கெட்டிக்காரர். வண்டிக்கு அடியில் படுத்தே படம் எடுத்தார். எல்லாம் பார்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே லோகுவிடம் கேட்டார்:

“பாபுவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

லோகு என்னைப் பார்த்தான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுத்தியலைப் பார்த்தார்.

“எந்த பாபு சார்?” என்றான் லோகு.

“என்னக் கேட்டா? நீங்கதான போன்ல சொல்லியிருக்கீங்க. பாபு குறுக்க வந்தாரு, அதனாலதான் வண்டியத் திருப்பினேன்னு. கம்பெனியில அப்படித்தான் பதிவாகியிருக்கு.” கையிலிருந்த போனைக் காட்டினார்.

லோகு இரண்டு கையையும் ஆட்டினான். “குறுக்க யாருமே வரல சார். ஸ்டீயரிங் தானா இழுத்துக்கிச்சு.”

சர்வேயர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “ஆள் அடிபட்டிருந்தா போலீஸ் பேப்பர் வேணும், அந்த ஆளைப் பாக்கணும். ஆளே இல்லன்னா அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு தெரியணும். ரெண்டு கதைய வெச்சுக்கிட்டு நான் எதையும் அனுப்ப முடியாது சார். நாளை மறுநாள் வரைக்கும் பாக்குறேன். அப்பறம் எனக்குத் தெரிஞ்சத எழுதி அனுப்பிடுவேன்.”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். யாரையோ இடித்துவிட்டு மறைக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். லோகு மட்டும் வெளுத்துப் போய் நின்றான்.

அந்த நேரம் பார்த்து அவன் மச்சான் வந்து சேர்ந்தான். எல்லா ஆபீஸிலும் தனக்கு ஒரு ஆளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினான்.

“இதுக்கா மாமா இப்படி நிக்குற? அவங்களுக்கு ஒரு பாபு வேணும். நாம ஒரு பாபுவக் குடுத்துட்டா முடிஞ்சுது. எதிர்லயே ஒருத்தர் இருக்குறாரே!”

எதிரில் பங்க்சர் ஒட்டும் கடை. கடைக்காரன் பெயர் பாபுதான். நல்ல மனுஷன், கூப்பிட்டால் எதற்கென்று கேட்காமல் வருவான். வந்தான்.

“நான்தான் பாபு. இன்னா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம்ணா. நீ குறுக்க வந்த. உனக்கு அடி படல. அவ்ளோதான்.”

“எங்க வந்தேன்?”

“தெருவுல.”

“விடிகாலையில அங்க எதுக்கு வந்தேன்?”

“டீ குடிக்க.”

“டீக்கடை என் கடைக்குப் பக்கத்துலயே இருக்குதே? டவுனுக்கா போவேன்?”

“சரி, கோயிலுக்குன்னு வெச்சுக்க.”

“நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன்பா.” பாபு யோசித்தான். “வேணும்னா லேசா நொண்டட்டுமா?”

“அடி படலன்னு சொல்லப் போறோம்ணா. அப்பறம் எதுக்கு நொண்டுற?”

“அதுவும் சரிதான். நொண்டல.”

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது லோகு சொன்னான்: “ஆயா, இது ஆவும்போல இருக்குதே.”

என் சிரிப்பு நின்றது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கண் அந்த நசுங்கின வண்டி மேலேயே இருந்தது. பிள்ளைகளே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த நிமிஷம் உங்களுக்கும் வரும். எதிரில் நிற்பவன் நல்லவன். குடும்பம் இருக்கிறது. கேட்கிற பொய்யும் சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சொன்னால் ஃபைல் அன்றைக்கே மூடிவிடும். சர்வேயருக்கும் நிம்மதி. யாருக்கும் நஷ்டம் இல்லை என்றே தோன்றும்.

“ஏண்டா, இல்லாத பாபுவப் பெத்துப்புட்டா அவன யாரு வளக்குறது?” என்றேன். “நாளைக்குப் போலீஸ்காரர் வந்து இவன ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாரு. எங்க நின்ன, எந்தப் பக்கம் வந்தன்னு கேப்பாரு. இவன் பொண்டாட்டியக் கேட்டா, அன்னிக்குக் காலைல இவரு வீட்ல தூங்கிக்கினு இருந்தாருன்னு சொல்லுவா.”

“சொல்லுவா ஆயா,” என்றான் பாபு. “அவளுக்குப் பொய்யே வராது.”

“உன் வண்டி கதைய விட்டுட்டு அப்பறம் பாபு கதையத்தான் எல்லாரும் நோண்டுவாங்க. வேணாம். மச்சானும் பாபுவும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. டவுனுக்குப் போவ வேணாம், பக்கத்துலயே குடிங்க.”

அவர்கள் போனதும் லோகுவைப் பழைய சீட் ஒன்றின் மேல் உட்கார வைத்தேன். வெற்றிலைப் பெரியவர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்ன சொன்னான்?

“மோதினதும் போன் பண்ணுனியே, அப்ப சொன்னத அப்படியே சொல்லு. அழகு பண்ணிச் சொல்லாத. அன்னிக்கு இன்னா வாயில வந்துச்சோ அதுதான் வரணும்.”

“இன்னா ஆயா சொன்னேன்... முக்குல திரும்புனேன். பாவு குறுக்க இருந்துச்சு. பாவ அறுத்துடக் கூடாதுன்னு ஒடிச்சேன். தூணுல...”

அவனும் நிறுத்தினான். நானும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றும் முன்னால் அந்தப் பட்டு இழைகளை விடிகாலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். பக்கத்துச் சந்திலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்பினால் இடுப்பு உயரத்துக்குப் பட்டு குறுக்கே நிற்கும். காஞ்சிபுரத்தில் பாவு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்கோ ஊரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் பாபு விழுந்திருக்கிறான்.

நான் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தேன். “அடப்பாவி, இத சர்வேயர்கிட்ட சொல்றதுக்கு இன்னா? ஸ்டீயரிங் இழுத்துச்சுன்னு ஏன்டா சொன்ன?”

அவன் சிரிக்கவில்லை. “சொல்லக் கூடாது ஆயா. வாக்குக் குடுத்துட்டேன்.”

அந்தப் பாவு பூங்காவனத்தினுடையது. புருஷனும் பெண்சாதியுமாக ஒரே தறியை வைத்துக்கொண்டு நெய்கிறவர்கள். ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு. லோகு போனில் பேசி முடித்ததும் அவள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். “எங்க பேர மட்டும் சொல்லிடாதப்பா. தெருவ மறிச்சதுக்குக் கேஸு போடுவாங்க. வண்டிக்கு ஆன செலவ எங்க தலையில கட்டுவாங்க.” இவனும் சரி என்றுவிட்டான். அதற்கு முன்பே போனில் உண்மையைச் சொன்னது அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்ட பெண் வேறு ஒன்றாக எழுதிக்கொண்டது இவனுக்குத் தெரியாது.

“வேற டிரைவரா இருந்தா நூலுதானேன்னு ஏத்திக்கினு போயிருப்பான்,” என்றேன்.

“எங்கம்மா நெய்ஞ்ச தறிக்குக் கீழதான் ஆயா நான் படுத்துக் கெடந்தேன்,” என்றான். “கை தானாத் திரும்பிடுச்சு.”

இந்த இடத்தில்தான் நான் நிதானித்தேன். உண்மை கையில் கிடைத்துவிட்டது, ஓடிப்போய்ச் சர்வேயரிடம் கொட்டிவிடலாம். அப்படிச் செய்தால் லோகு வண்டி பிழைக்கும். பூங்காவனம் அவள் பாட்டுக்கு மாட்டிக்கொண்டால்? நான் லோகுவுக்காகப் பேசுகிறவள்தான். அதற்காக வாசலுக்கு வராத ஒருத்தியை விற்க முடியாது. அவளிடம் முதலில் போய், “உனக்கு ஒன்றும் வராது, வந்து சொல்லு” என்று கூப்பிடலாமா? ஒன்றும் வராது என்று சொல்ல நான் யார்? கம்பெனி என்னுடையதா? அதனால் முதலில் லோகுவைச் சர்வேயருக்கே போன் போடச் சொல்லி, நான் வாங்கிப் பேசினேன்.

“சார், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். தெருவுல ஒருத்தங்க ஒரு பொருளப் போட்டு வெச்சிருந்தாங்க. வண்டி அதத் தொடவே இல்ல. அவங்க வந்து, ஆமா இருந்துச்சுன்னு சொன்னா, அவங்க மேல ஏதாவது வருமா?”

“அவங்கன்னா பாபுவா?”

“பாபு இல்ல சார். பாவு.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். பாபு.”

“சார், உதடு ஒட்டாமச் சொல்லுங்க. பா... வு.”

“பா... வு,” என்றார். “அப்படின்னா?”

“நாளைக்குக் காலைல வந்தா கண்ணால பாக்கலாம். மொதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லுங்க.”

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். எனக்கு அது பிடித்தது. “வண்டி எப்படி அடிபட்டுச்சுன்னுதான் நான் எழுதுவேன். உங்க ஆளு தன் வண்டிக்குத்தான் கேக்குறாரு. தெருவுல இருந்தவங்கள கம்பெனி போய்க் கேட்டத நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா. அதுக்காகக் கேக்கவே மாட்டாங்கன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. அன்னிக்கு அவரு பேசினது ரெகார்ட் ஆகியிருக்கும். அதையும் வாங்கிக் கேக்குறேன்.”

சாயங்காலம் லோகுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். தறியில் அந்தப் பாவு ஏறியிருந்தது. மாம்பழ நிறம். அவள் புருஷன் நெய்கிறதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். சர்வேயர் சொன்னதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். அடிச்சுச் சொல்ல முடியாது என்றாரே, அதையும் சொன்னேன். அதை விழுங்கிவிடத்தான் நாக்கு துடித்தது.

“வேணாம்,” என்றார் அவர், தறியிலிருந்தே.

பூங்காவனம் என்னை நேராகப் பார்த்தாள். “வண்டிக்காரங்களுக்குப் பேச நீ இருக்குற ஆயா. எங்களுக்குப் பேச யாரு இருக்குறாங்க?”

வாய்க்காகவே நாற்காலி வாங்கினவள் நான். என் வாயில் வந்தது இவ்வளவுதான்.

“யாரும் இல்லதான்,” என்றேன். “அதனாலதான் வான்னு நான் கூப்புடல. அவரு சொன்னதச் சொல்லிட்டேன். உன் பேர இன்னும் யாருக்கும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். லோகுவும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். பாபுவ இடிச்சுட்டான்னு கேஸு ஆனாலும் ஆவட்டும்னு உக்காந்திருக்குறான்.”

“பாபுவா? யாரு அது?”

சொன்னேன். பாவு பாபுவானதைச் சொன்னேன். பங்க்சர் கடைக்காரன் நொண்டட்டுமா என்று கேட்டதைச் சொன்னேன். தறிச் சத்தம் நின்றது. அந்த மனுஷன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என் பாவுக்கு மீச வெச்சுட்டாங்களே!” என்றாள். சிரித்து முடித்ததும் மறுபடியும் முகம் பழையபடி ஆனது.

“காலைல பக்கத்து வூட்ல பாவு போடுறாங்க. வரவரு வந்து பாக்கட்டும். நான் வருவேன்னு சொல்லல.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் நானும் லோகுவும் மண்டபத்துப் பக்கம் போய் நின்றோம். பக்கத்து வீட்டார் தெரு நீளத்துக்குச் சிவப்புப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தடவித் தடவி நடந்தார்கள். ஈரத்தில் அது ஓடுகிற ஆறு மாதிரி பளபளத்தது. சர்வேயர் சந்திலிருந்து பைக்கில் திரும்பினார். திரும்பின வேகத்தில் பிரேக் போட்டுக் காலை ஊன்றினார்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். “இவருதான் பாபுவா?”

“தொடாத சார்,” என்றார் கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர். “ஒட்டிக்கும்.”

“ரெகார்டிங் கேட்டேன்மா,” என்றார் என்னிடம். “பாவ அறுத்துடக் கூடாதுன்னு ஒடிச்சேன்னுதான் சொல்றாரு. அந்தப் பொண்ணு ‘பாபுவுக்கு அடி பட்டுதா’ன்னு கேக்குது. ‘அறுபடல மேடம்’னு இவரு சொல்றாரு. மனுஷன எவனாவது அறுப்பானா? அந்தப் பொண்ணுக்காவது தோண வேணாமா?” சிரித்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டு லோகுவிடம் திரும்பினார். “சரி. அப்ப என்கிட்ட ஏன் சார் ஸ்டீயரிங்னு சொன்னீங்க? அன்னிக்கு இருந்தது யாரு பாவு?”

லோகு தரையைப் பார்த்தான். சொல்லவில்லை. சர்வேயர் காத்திருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற நேரத்தில் அதுதான் பெரிய நேரம். நான் வாய் மூடி நின்றது தப்பாகிப் போயிருந்தால் அவன் வண்டி அந்த நிமிஷத்தோடு போயிருக்கும்.

“எங்க பாவு சார்.”

பூங்காவனம் வாசலை விட்டு இறங்கி வந்தாள். புருஷன் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தார்.

“வுடுங்க. அவன் திருப்பலன்னா இன்னிக்கு நம்ம தறியில இன்னா இருக்கும்? வெறும் கட்டதான் இருக்கும்.” சர்வேயரிடம் சொன்னாள்: “நான்தான் சார் சொல்ல வேணாம்னேன், பயந்துக்கினு. அவன் வேகமா வரல. முக்குல திரும்புனதும் பாவு. அந்தப் பக்கம் கஞ்சி தடவிக்கினு நாங்க ரெண்டு பேரு. தூணு பக்கம் ஒடிச்சான். எங்க மேலயும் படல, பாவு மேலயும் படல. தன் வண்டி மேல படவுட்டுக்கினான்.”

“இத போன்ல வீடியோவா எடுத்துக்கலாமாம்மா?”

அவள் தலையைத் தடவிச் சரி செய்துகொண்டாள். “மூஞ்சி நல்லாத் தெரியுமா?”

அவள் புருஷன் கையை விட்டார். கொஞ்சம் தள்ளி, படத்தில் விழுகிற மாதிரி பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சர்வேயர் அந்தச் சந்து, முனை, தூண் எல்லாவற்றையும் படம் எடுத்தார். போகும்போது லோகுவிடம் சொன்னார்: “நடுவுல மாத்திச் சொன்னதையும் எழுதுவேன் சார். ஏன் மாத்துனீங்கன்னும் எழுதுவேன்.”

“எழுதுங்க சார்,” என்றான் லோகு. வண்டி அடிபட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் குரல் சரியாக வந்தது.

க்ளெய்ம் பாஸானது. பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள், அது எல்லோருக்கும் உள்ள விதி. அதற்கு லோகு கொஞ்சம் முனகினான், நான் அதட்டினேன். என் வீட்டுக்காரர் அந்த பானட்டைத் தட்டின சத்தம் ரோடு வரை கேட்டது. பூங்காவனத்தை இன்றுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் போய் நின்றிருப்பேன். அதை அவளிடம் அன்றே சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை. யாரு இருக்குறாங்க என்று அவள் கேட்டதற்கு அதுதான் பதில். பிற்பாடுதான் போய்ச் சொன்னேன். “இப்ப சொல்றியா?” என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் நீங்கள் போனிலேயே எல்லாம் முடித்துவிடுகிறீர்கள். நல்லது. ஆனால் எதிரில் ஒருத்தர் தடுமாறி நின்றால் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். முதலில் என்ன சொன்னாய் என்று கேளுங்கள். அவர் வாயில் வந்த வார்த்தையையே வாங்குங்கள், உங்களுக்குப் புரிகிற வார்த்தையாக மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் இல்லாத தைரியத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். பாபு வேண்டும் என்று யார் கேட்டாலும், எதிர்க் கடையில் எவ்வளவு நல்ல பாபு கிடைத்தாலும், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, எதற்கோ ஒரு ஸ்க்ரூ முடுக்க லோகு பட்டறைக்கு வந்திருந்தான். மகள் முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போன் வந்தது. கேட்டவன் முகம் ஒரு மாதிரியாகி, போனை என்னிடம் நீட்டினான்.

இனிமையான குரல், சின்னப் பெண். “வணக்கம்மா. உங்க க்ளெய்ம் முடிஞ்சிருக்கு. எங்க பதிவுல ஒரு விவரம் மட்டும் இன்னும் மூடாம இருக்கு. விபத்துல சம்பந்தப்பட்ட திரு. பாபு இப்ப எப்படி இருக்காரு?”

“உதடு ஒட்டாமச் சொல்லும்மா,” என்றேன்.

“மா?”

“பா... வு.”

“பா... வு,” என்றாள் அந்தப் பெண், கவனமாக.

“அதான். நல்லா இருக்குறாரு. நேத்துதான் தறியில இருந்து எறங்கினாரு. திருமுக்கூடல்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்குறாரு.”

அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. “சரிங்கம்மா. அவருக்குக் காயம் ஏதாவது...?”

“ஒரு இழ கூட அறுபடல,” என்றேன். “அப்படியே எழுதிக்க.”